பினாங்கு வெயிலுக்கு லினக்ஸ் போர்டைத் தயார் செய்வது: வெப்ப சென்சாரும் காற்றாடியும் டிவைஸ் ட்ரீயில்

பட்டர்வொர்த்தில் ஒரு கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் மாட்டியிருந்த எங்கள் பெட்டி, மதியம் இரண்டு மணி தாண்டினால் செத்துப்போகும். யாராவது போய் மின்சாரத்தை அணைத்துப் போட்டால்தான் மறுபடி உயிர் வரும். பாயான் லெப்பாஸ் அலுவலகத்தில், ஏர்கான் காற்றில், அதே பெட்டி மூன்று மாதம் நிற்காமல் ஓடியது. பினாங்குப் பாலத்தைக் கடந்து நாலு தடவை போய் வந்தேன். பவர் சப்ளையை மாற்றினேன், மெமரி கார்டை மாற்றினேன், கேபிளைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால் குற்றம் என்னுடையது. டிவைஸ் ட்ரீயில், அதாவது போர்டில் என்னென்ன சாதனம் எங்கே இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்லும் கோப்பில், நான் போட்டிருந்த ஒரே ஒரு பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தைக் கண்டுபிடிக்க ஐந்து வாரம் போனது. இப்போது அதே வேலையை ஒரு வாரத்தில் முடிக்கிறேன். உங்களுக்கும் ஒரு வாரத்தில் முடியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். போர்டில் லினக்ஸ் ஓடுகிறது, டிடிஎஸ் கோப்பைத் (டிவைஸ் ட்ரீயின் மூலக் கோப்பு) திருத்தி கெர்னலைத் (லினக்ஸின் மையப் பகுதி) தொகுக்கத் தெரியும், ஆனால் சூட்டைக் கவனிக்கும் தெர்மல் பகுதியில் கை வைத்ததில்லை என்றால் இது உங்களுக்கானது.

ஒரு விஷயம். பண்புகளின் பெயரை எல்லாம் இங்கே தமிழ் எழுத்தில், உச்சரிப்புப்படி தருகிறேன். கோப்பில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், நடுவில் இருக்கும் சிறு கோட்டை விடாமல் தட்டுங்கள்.

1. முதலில் காகிதம், பிறகு கோப்பு

ஐந்து ஆவணங்கள் கையில் இல்லாமல் தொடங்காதீர்கள்: போர்டின் ஸ்கீமாட்டிக் (சுற்று வரைபடம்), சிப்பின் டேட்டாஷீட் (தயாரிப்பாளர் தரும் விவர ஆவணம்), சென்சாரின் டேட்டாஷீட், காற்றாடியின் டேட்டாஷீட், நீங்கள் ஓட்டும் அதே கெர்னல் பதிப்பின் பைண்டிங் கோப்புகள் (எந்த நோடில் என்னென்ன பண்பு எழுத வேண்டும் என்று சொல்பவை; நோட் என்பது டிவைஸ் ட்ரீயின் ஒரு கிளை).

ஸ்கீமாட்டிக்கில் மூன்றைத் தேடுங்கள். சென்சார் எந்த ஐ2சி பஸ்ஸில் (இரண்டு கம்பித் தகவல் பாதை) இருக்கிறது? அதன் முகவரிக் கால் எதோடு இணைந்திருக்கிறது? சூடானால் சைகை தரும் அலர்ட் கால் எங்கேயாவது போகிறதா, அந்தரத்தில் நிற்கிறதா? டிஎம்பி102 என்ற சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். முகவரிக் கால் கிரவுண்டுக்குப் போனால் ஹெக்ஸில் (பதினாறு அடிமான எண்முறையில்) 48, மின்சாரத்துக்குப் போனால் 49, எஸ்டிஏ கம்பிக்குப் போனால் 4ஏ, எஸ்சிஎல் கம்பிக்குப் போனால் 4பி. இணையத்தில் கிடைக்கும் உதாரணங்கள் எல்லாம் 48 என்றே இருக்கும். உங்கள் போர்டை வரைந்தவர் என்ன நினைத்தார் என்பது ஸ்கீமாட்டிக்கில்தான் இருக்கும்.

சிப்பின் டேட்டாஷீட்டில் ஜங்ஷன் வெப்பநிலையின் (சிப்பின் உள்ளே இருக்கும் சூடு) உச்ச வரம்பைக் குறித்துக்கொள்ளுங்கள். வணிகத் தரம், தொழிற்சாலைத் தரம் என்று ஒரே சிப்புக்கு இரண்டு வரம்பு இருக்கலாம். சிப்பின் முதுகில் அச்சடித்த எண்ணைப் பார்த்து எது உங்களுடையது என்று உறுதி செய்யுங்கள். நான் செய்யவில்லை. 105 என்று நினைத்துக் கணக்குப் போட்டேன், கையில் இருந்தது 95.

பைண்டிங் கோப்புகள் கெர்னல் மூலத்திலேயே, டாக்குமென்டேஷன் அடைவுக்குள் தெர்மல் என்ற உட்பிரிவில் இருக்கும். சென்சாருக்கு ஒன்று, குளிர்விக்கும் சாதனத்துக்கு ஒன்று, மண்டலத்துக்கு (ஒரு சென்சாரையும் அதன் எல்லைகளையும் குளிர்விக்கும் சாதனங்களையும் சேர்த்துக் கட்டும் தொகுதி) ஒன்று என மூன்று யாமல் கோப்புகளைப் படித்தால் போதும். புதிய கெர்னலின் ஆவணத்தைப் படித்துவிட்டுப் பழைய கெர்னலில் எழுதாதீர்கள். புதிதில் விட்டுவிடலாம் என்றிருக்கும் சில பண்புகள் பழையதில் கட்டாயம். ட்ரிப் (நடவடிக்கை தொடங்கும் சூட்டு எல்லை) எதுவும் எழுதாத மண்டலத்தைப் பழைய கெர்னல் பதிவே செய்யாது.

2. செலவும் நாளும்

நான் கொடுத்த விலை இது: யுஎஸ்பி சீரியல் கேபிள் 15 வெள்ளி (ரிங்கிட்), டிஎம்பி102 மாட்யூல் 12 வெள்ளி, கே வகை தெர்மோகப்பிள் (சூடு அளக்கும் கம்பி) உள்ள மீட்டர் 55 வெள்ளி, 5 வோல்ட் நாலு கம்பிக் காற்றாடி 65 வெள்ளி. ஆக 150 வெள்ளிக்குள் அடங்கிவிட்டது. வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால், 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. விலையை ஒப்பிடும்போது அதையும் சேருங்கள். கோலாலம்பூர்க்காரர்கள் ஜாலான் பசார் கடைகளில் ஏறி இறங்கினால் அன்றைக்கே கையில் கிடைக்கும். பினாங்கில் நான் பார்சலுக்குக் காத்திருந்தேன், பதினோரு நாள்.

தெர்மோகப்பிள் மீட்டரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். சிப்பே சொல்லும் வெப்பத்தைச் சிப்பை வைத்தே சரிபார்க்க முடியாது.

நாள் கணக்கில் ஆவணம் சேர்க்க இரண்டு நாள். சிப் தயாரிப்பாளரிடம் பதிவு செய்துதான் டேட்டாஷீட் கிடைக்கும் என்றால், முதல் நாளே விண்ணப்பித்துவிடுங்கள். எனக்கு ஒன்பது நாள் இழுத்தது. சென்சாரை எழுப்ப அரை நாள், எழுதித் தொகுக்க ஒரு நாள், அப்புறம் வெயிலில் வைத்துச் சோதிக்க இரண்டு நல்ல நாள். மாலை இடிமழை இறங்கினால் அந்த நாள் கணக்கில் சேராது.

3. சென்சாரைத் தனியாக எழுப்புங்கள்

மண்டலத்தைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். சென்சார் மட்டும் பேச வேண்டும்.

சிப்புக்குள்ளேயே இருக்கும் சென்சார் என்றால் பெரும்பாலும் தயாரிப்பாளரின் டிடிஎஸ்ஐ கோப்பில் (பல போர்டுகள் பகிரும் பொதுக் கோப்பு) ஏற்கனவே எழுதியிருக்கும். ஆனால் ஸ்டேட்டஸ் பண்பு டிஸேபிள்ட் என்று கிடக்கும். உங்கள் போர்டு கோப்பில் அதை ஓகே ஆக்குவது உங்கள் வேலை. வெளியே இருக்கும் ஐ2சி சென்சார் என்றால் அந்தப் பஸ்ஸின் நோடுக்குள் புதிதாக ஒரு நோட் எழுதி, எந்த டிரைவர் என்று காட்டும் கம்பேட்டிபிள், முகவரிக்கான ரெக், இவற்றோடு #தெர்மல்-சென்சார்-செல்ஸ் என்ற பண்பையும் சேருங்கள்.

இந்தக் கடைசிப் பண்பைத்தான் எல்லோரும் மறப்பார்கள். சாதனத்தில் ஒரே ஒரு சென்சார் என்றால் மதிப்பு 0. ஒரே சாதனத்துக்குள் பல சென்சார் இருந்து, எண் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றால் 1. உதாரணத்துக்கு, ராக்சிப் ஆர்கே3399 சிப்பின் சென்சார் சாதனத்தில் சிபியுவுக்கு ஒன்று, ஜிபியுவுக்கு ஒன்று என இரண்டு உண்டு, அதனால் அங்கே 1. மண்டலத்திலிருந்து அழைக்கும்போது பெயருக்குப் பின்னால் 0 அல்லது 1 என்று எண்ணும் போட வேண்டும். இங்கே எண் மாறிவிட்டால் பிழைச்செய்தி வராது. ஜிபியுவின் சூட்டைப் பார்த்து சிபியுவைக் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

போர்டு எழுந்ததும் ஐ2சி-டிடெக்ட் கட்டளையைப் போடுங்கள். உங்கள் முகவரி இருக்கும் கட்டத்தில் 48 என்று எண் தெரிந்தால் சென்சார் பதில் சொல்கிறது, ஆனால் டிரைவர் அதை இன்னும் பிடிக்கவில்லை. யூயூ என்று இரண்டு எழுத்து தெரிந்தால் டிரைவர் பிடித்துவிட்டது. வெறும் கோடுகள் தெரிந்தால் கம்பியில் கோளாறு, அல்லது பஸ் எண் தப்பு.

டிரைவரை மாட்யூலாக வைக்கலாமா, கெர்னலுக்குள்ளேயே சேர்க்கலாமா என்று கேட்டால், உள்ளேயே சேருங்கள் என்பேன். சென்சார் டிரைவர் ஏறும்போதுதான் மண்டலம் பதிவாகிறது. மாட்யூல் ஏதோ காரணத்தால் ஏறவில்லை என்றால் மண்டலம் இல்லை, பாதுகாப்பும் இல்லை. அதை யாரும் உங்களிடம் வந்து சொல்லப்போவதும் இல்லை.

4. மண்டலம்: என் பூஜ்யம் இருந்த இடம்

வேர் நோடுக்குக் கீழே தெர்மல்-சோன்ஸ் என்று ஒரு நோட். அதற்குள் ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பிள்ளை. பிள்ளையின் பெயர் -தெர்மல் என்று முடிய வேண்டும். கோடும் சேர்த்து மொத்தம் 19 எழுத்தைத் தாண்டக் கூடாது. கெர்னல் அந்தப் பெயருக்கு ஒதுக்கியது 20 இடம், அதில் ஒன்று முடிவுக்குறிக்குப் போய்விடும்.

உள்ளே முதலில் தெர்மல்-சென்சார்ஸ் பண்பு, எந்த சென்சார் என்று காட்ட. ஒரு மண்டலத்துக்கு ஒரு சென்சார்தான். அடுத்து இரண்டு கால இடைவெளிகள், இரண்டும் மில்லிசெகண்டில். போலிங்-டிலே என்பது சாதாரண நேரத்தில் கெர்னல் எத்தனை மில்லிசெகண்டுக்கு ஒரு முறை எட்டிப்பார்க்க வேண்டும் என்பது. போலிங்-டிலே-பாஸிவ் என்பது சூடு ஏறி, வேகத்தைக் குறைக்கத் தொடங்கிய பிறகு எத்தனைக்கு ஒரு முறை என்பது. ஆர்கே3399 கோப்பில் 1000, 100 என்று இருக்கும். தொடக்கத்துக்கு அது நல்ல கணக்கு. டிஎம்பி102 இயல்பாக நொடிக்கு 4 முறைதான் அளக்கும், அதனால் அதை 250 மில்லிசெகண்டுக்கு முன்னால் திரும்பத் திரும்பக் கேட்பதில் பயனில்லை.

0 என்று போட்டால் என்ன? நீ பார்க்க வேண்டாம், சூடானால் சென்சாரே இன்டரப்ட் கொடுத்து எழுப்பும் என்று கெர்னலிடம் சொல்வதாக அர்த்தம். நான் பார்த்து எழுதிய வேறொரு போர்டின் கோப்பில் 0 இருந்தது. அந்த போர்டின் சென்சாருக்கு இன்டரப்ட் உண்டு. என் சென்சாருக்கு இல்லை.

விளைவைக் கேளுங்கள். பூட் ஆகும்போது கெர்னல் ஒரு தடவை மண்டலத்தைப் பார்த்தது: 41 டிகிரி, சரி. அதற்கப்புறம் பார்க்கவே இல்லை. ஆனால் நான் சிஸ்எஃப்எஸ் கோப்பைத் (கெர்னல் தன் நிலையைக் காட்டும் கோப்பு) திறந்து வெப்பநிலையைப் படித்தால் சரியான எண் வந்தது, ஏனென்றால் அந்தக் கோப்பைப் படிக்கிற கணத்தில் கெர்னல் நேராக சென்சாரைக் கேட்டுச் சொல்கிறது. மேல்தளத்தில் குந்தி உட்கார்ந்து மடிக்கணினியில் பார்க்கிறேன்: 81, 83, 84. எண் ஏறுகிறது, காற்றாடி அசையவில்லை. சென்சார் வேலை செய்கிறது, ஆகவே காற்றாடிதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, புதுக் காற்றாடிக்கு ஆர்டர் போட்டேன். அது 65 வெள்ளியும் பதினோரு நாளும். அந்த நாட்களில் எல்லாம் சிப்பின் கடைசித் தற்காப்பு தினமும் மதியம் மின்சாரத்தை வெட்டிக்கொண்டிருந்தது.

அதனால் சென்சாரிலிருந்து அலர்ட் கம்பி வந்து, டிரைவரும் அதைப் பயன்படுத்துகிறது என்று கண்ணால் பார்க்காத வரை 0 போடாதீர்கள். போர்டில் கம்பி இழுத்திருந்தால் மட்டும் போதாது. டிஎம்பி102-க்கு அலர்ட் கால் உண்டு, ஆனால் தெர்மல் மண்டலத்துக்காக லினக்ஸ் டிரைவர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

5. ட்ரிப்: ஆயிரத்தால் பெருக்கினீர்களா?

மண்டலத்துக்குள் ட்ரிப்ஸ் என்று ஒரு நோட். ஒவ்வொரு ட்ரிப்பிலும் மூன்று பண்புகள்: டெம்பரேச்சர், ஹிஸ்டரிஸிஸ் (திரும்ப நிற்க எத்தனை டிகிரி இறங்க வேண்டும் என்பது), டைப்.

வெப்பநிலையும் ஹிஸ்டரிஸிஸும் மில்லிடிகிரியில். 85 டிகிரிக்கு 85000. கிரிட்டிக்கல் ட்ரிப்பில் வெறும் 85 என்று எழுதினால் அது 0.085 டிகிரி. மலேசியாவில் எந்த அறையும் அதைவிடச் சூடுதான். போர்டு எழும், உச்சவரம்பைத் தாண்டிவிட்டது என்று சீரியலில் ஒரு வரி எழுதும், உடனே தன்னை அணைத்துக்கொள்ளும். சீரியல் கேபிள் இல்லாதவர் போர்டு செத்துவிட்டது என்றே நினைப்பார். 15 வெள்ளிக் கேபிளை ஏன் பட்டியலில் முதலில் போட்டேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

டைப் நாலு வகை. ஆக்டிவ் என்றால் காற்றாடி மாதிரி மின்சாரம் செலவழித்துக் குளிர்விப்பது. பாஸிவ் என்றால் சிபியுவின் வேகத்தைக் குறைத்துச் சூட்டைத் தணிப்பது. ஹாட் என்றால் டிரைவருக்கு ஒரு தகவல். கிரிட்டிக்கல் என்றால் கணினியை ஒழுங்காக அணைப்பது.

அணைக்கிற வேலை நடுவில் எங்கேயாவது தொங்கிவிட்டால்? கெர்னல் அமைப்பில் எமர்ஜென்சி பவர்ஆஃப் டிலே என்று ஒரு மதிப்பு உண்டு, அதுவும் மில்லிசெகண்டில். அத்தனை நேரத்துக்குள் ஒழுங்காக அணையாவிட்டால் வலுக்கட்டாயமாக அணைக்கும். இயல்பில் அது 0, அதாவது அந்த ஏற்பாடே இல்லை. உங்கள் பெட்டி சாதாரணமாக அணைய எத்தனை நொடி எடுக்கிறது என்று அளந்து, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள்.

இனி எண்களைத் தேர்ந்தெடுப்பது. மேலிருந்து கீழே வாருங்கள். என் சிப்பின் வரம்பு 95. கிரிட்டிக்கலை 90-இல் வைத்தேன். பாஸிவ் 80. அதற்குக் கீழே காற்றாடிக்கு மூன்று படி: 60, 67, 74. இதை அப்படியே நகலெடுக்காதீர்கள். ராஸ்பெர்ரி பை 5-இன் காற்றாடி 50, 60, 67.5, 75 என நாலு படியில், 5 டிகிரி ஹிஸ்டரிஸிஸோடு ஏறும். குளிர்ந்த அறையில் மேசைமேல் இருக்கும் போர்டுக்கு 50 அழகான எண். பட்டர்வொர்த் மேல்தளத்தில் வெளிக்காற்றே 33 டிகிரி, மூடிய பெட்டிக்குள் நான் அளந்தது 49. சும்மா இருக்கும்போதே சிப் 50-ஐத் தாண்டிவிடும், காற்றாடி ஆண்டு முழுக்க நிற்காது. அதனால் பெட்டி நிஜமாக வாழப்போகும் இடத்தில், சும்மா ஓடும்போது சிப் காட்டும் மதியச் சூட்டை முதலில் அளந்து, அதற்குமேல் ஐந்தாறு டிகிரி தள்ளி முதல் படியை வையுங்கள்.

ஹிஸ்டரிஸிஸ் 0 போட்டால் 60-இல் ஓடும், 59.9-இல் நிற்கும், மறுபடி ஓடும். ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் பைத்தியம் பிடிக்கும். நான் காற்றாடிக்கு 4000 வைத்திருக்கிறேன், அதாவது 60-இல் ஓடத் தொடங்கினால் 56-க்கு இறங்கியபின்தான் நிற்கும். பாஸிவ் ட்ரிப்புக்கு 2000 போதும்.

6. குளிர்விப்பவர்களைச் சேர்ப்பது

காற்றாடி, சிபியு இரண்டுக்கும் அவரவர் நோடில் #கூலிங்-செல்ஸ் பண்பு, மதிப்பு 2. கீழ் எல்லை ஒன்று, மேல் எல்லை ஒன்று என்பதால் இரண்டு. சிபியுவுக்கு இதை ஒவ்வொரு கோரின் நோடிலும் எழுதுங்கள். சிபியு வேகத்தை மாற்றும் டிரைவர் ஓடாவிட்டால் சிபியு என்ற குளிர்விக்கும் சாதனமே உருவாகாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றாடிக்கு பிடபிள்யூஎம்-ஃபேன் நோட். பிடபிள்யூஎம் என்பது மின்துடிப்பின் அகலத்தை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்துவது. பிடபிள்யூஎம் காலம் 40000 நானோசெகண்ட், அதாவது 25 கிலோஹெர்ட்ஸ். நாலு கம்பிக் காற்றாடிகள் எதிர்பார்ப்பது அதைத்தான். கூலிங்-லெவல்ஸ் என்ற பண்பில் 0-இலிருந்து 255 வரைக்குள் வேகப்படிகளை எழுதுங்கள். முதல் எண் 0, அதுதான் நிறுத்திய நிலை.

இரண்டாவது எண்ணில்தான் கவனம் வேண்டும். காற்றாடி ஓடிக்கொண்டிருக்கும்போது 50-இல் கூடச் சுழலும். ஆனால் நின்றதிலிருந்து கிளம்ப அதற்கு மேலே வேண்டும். எங்கள் பழுதுபார்க்கும் அண்ணன் முப்பது வருஷம் ஃபேக்டரியில் ஷிப்ட் பார்த்தவர். என் கோப்பில் 50 என்று பார்த்ததும் சிரித்தார். "தம்பி, புதுக் காத்தாடிக்கு இது போதும்லா. ஆறு மாசம் கழிச்சு எறும்பு கூடு கட்டுனதுக்கு அப்புறம் கிளம்புமான்னு பாரு." பழைய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். காற்றாடி இதழ்களின் விளிம்பு முழுக்கச் சாம்பல் நிறத்தில் தூசு, நடுவில் ஒரு காய்ந்த பல்லி வால். அதை 100 கொடுத்த பிறகுதான் கிளப்ப முடிந்தது. என் இரண்டாவது எண் இப்போது 110.

எல்லாம் தலைகீழாக நடந்தால், அதாவது 0 எழுதினால் முழு வேகம், 255 எழுதினால் நிற்கிறது என்றால், நடுவில் இருக்கும் டிரான்சிஸ்டர் சிக்னலைக் கவிழ்க்கிறது. பிடபிள்யூஎம்-ஸ் பண்பின் கடைசி எண்ணில் தலைகீழ்க் கொடியை வைத்தால் சரியாகிவிடும். கம்பியை மாற்ற வேண்டாம்.

கடைசியாக மண்டலத்துக்குள் கூலிங்-மேப்ஸ். எந்த ட்ரிப்புக்கு எந்தச் சாதனம், எந்தப் படியிலிருந்து எந்தப் படி வரை என்று இங்கேதான் முடிச்சுப் போடுகிறீர்கள். என் கோப்பில் 60-க்கு காற்றாடி 1 முதல் 1, 67-க்கு 2 முதல் 2, 74-க்கு 3 முதல் 3. பாஸிவ் ட்ரிப்புக்கு எல்லா கோரும், எல்லையில்லை என்று பொருள்படும் தெர்மல்-நோ-லிமிட் மாறிலி இரண்டு பக்கமும். சிபியுவில் 0 என்றால் முழு வேகம், எண் கூடக் கூட வேகம் குறையும். கிரிட்டிக்கலுக்கு மேப் வேண்டியதில்லை.

பெட்டிக்குள் காற்றின் சூட்டை அளக்க இன்னொரு மண்டலம் எழுதி, அதையும் இதே காற்றாடியோடு கட்டலாம். இரண்டு மண்டலமும் இரண்டு படி கேட்டால், கெர்னல் அதில் அதிகமானதைக் கொடுக்கும். சண்டை வராது.

7. தொகுத்தது ஒன்று, ஓடுவது ஒன்று

தொகுப்பதற்கு முன் பைத்தானின் பிப் வழியாக டிடி-ஸ்கீமா நிரலை நிறுவி, கெர்னல் அடைவில் டிடிபிஎஸ்-செக் ஓட்டுங்கள். பெயரின் நீளம், விட்டுப்போன பண்பு, செல் எண்ணிக்கைத் தவறு எல்லாம் இங்கேயே பிடிபடும். ஆனால் 85-க்கும் 85000-க்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியாது.

பிறகு ஒரு கண்ணி, இதில் எனக்கு ஒரு முழு நாள் போயிற்று. கோப்பைத் திருத்துகிறேன், தொகுக்கிறேன், போர்டில் போடுகிறேன், ஒன்றும் மாறவில்லை. பூட்லோடர் வேறு ஒரு பார்ட்டிஷனிலிருந்து பழைய டிடிபி கோப்பை (தொகுத்த டிவைஸ் ட்ரீ) ஏற்றிக்கொண்டிருந்தது. இப்போது பூட் ஆனதும் முதலில் ப்ராக் அடைவில் உள்ள டிவைஸ்-ட்ரீயைத் திறந்து, தெர்மல்-சோன்ஸுக்குள் போய், நான் மாற்றிய எண்ணைக் கண்ணால் பார்க்கிறேன். எண்கள் பைனரியாக இருக்கும், ஹெக்ஸ்டம்ப் போட்டுப் படியுங்கள். 60000 என்பது ஹெக்ஸில் 00 00 ஈஏ 60 என்று வரிசையாகத் தெரியும்.

8. சூடாக்காமல் ஒரு சோதனை

சிஸ் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் தெர்மல். அங்கே உங்கள் மண்டலங்களும் குளிர்விக்கும் சாதனங்களும் எண் போட்டு நிற்கும். மண்டலத்தின் டைப் கோப்பில் நீங்கள் வைத்த பெயர், டெம்ப் கோப்பில் இப்போதைய சூடு, சாதனத்தின் கர்-ஸ்டேட் கோப்பில் இப்போதைய படி. முதலில் கர்-ஸ்டேட்டில் கையால் 1, 2, 3 என்று எழுதி, காற்றாடி மூன்று வேகத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். பாலிசி கோப்பில் ஸ்டெப்-வைஸ் என்று இருந்தால் அதை மாற்றாதீர்கள், தொடக்கத்துக்கு அது போதும். பவர்-அலோகேட்டர் என்ற இன்னொன்று உண்டு. அதற்கு இரண்டு பாஸிவ் ட்ரிப்பும் மில்லிவாட்டில் தாங்கும் சக்தியின் கணக்கும் தேவை. அது வேறு வேலை.

கெர்னல் அமைப்பில் தெர்மல் எமுலேஷன் இயக்கியிருந்தால் எமுல்-டெம்ப் என்ற கோப்பு இருக்கும். அதில் 62000 எழுதினால் சிப் 62 டிகிரி என்று கெர்னல் நம்பும். 0 எழுதினால் நிஜத்துக்குத் திரும்பும். கிரிட்டிக்கலைத் தாண்டி எழுதினால் போர்டு நிஜமாகவே அணையும், திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிட்டுச் செய்யுங்கள். வாடிக்கையாளருக்குப் போகும் கெர்னலில் இந்த வசதியை எடுத்துவிடுங்கள். ரூட் அனுமதி உள்ளவர் பொய்யாகக் குறைந்த எண்ணை எழுதி, காற்றாடியையும் வேகக் குறைப்பையும் முடக்கலாம்.

இந்தச் சோதனை என்னை ஏமாற்றியது, உங்களையும் ஏமாற்றும். எமுல்-டெம்ப்பில் எழுதிய கணமே கெர்னல் தானாக ஒரு முறை மண்டலத்தைப் பார்க்கும். அதனால் போலிங்-டிலே 0-ஆக இருந்தாலும் காற்றாடி கிளம்பும். கிளம்பியது, சோதனை தேறியது என்று எழுதிக்கொடுத்தேன். ஆகவே இங்கே தேறியதை வைத்துச் சந்தோஷப்படாமல் அடுத்த படிக்குப் போங்கள்.

9. நிஜச் சூடு

மேசையிலேயே முதலில். ஸ்ட்ரெஸ்-என்ஜி நிரலால் எல்லா கோரையும் ஓடவிட்டு, பெட்டியை மூடி, ஒரு துண்டைப் போர்த்துங்கள். வேறு எந்தக் கோப்பிலும் எழுதாமல், காற்றாடி தானாகக் கிளம்பி, தானாக நிற்க வேண்டும்.

பிறகு இடத்துக்குக் கொண்டுபோங்கள். தெர்மோகப்பிள் முனையைச் சிப்பின் ஹீட்சிங்க் ஓரத்தில் சூடு தாங்கும் கேப்டான் டேப்பால் ஒட்டி, கம்பியை வெளியே விட்டு மூடியைத் திருகுங்கள். மூடியைத் திறந்து வைத்து எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. பத்து நொடிக்கு ஒரு முறை டெம்ப், கர்-ஸ்டேட் இரண்டையும் கோப்பில் எழுதும் சிறு ஷெல் நிரலை ஓடவிடுங்கள். காலை 11 மணிக்குத் தொடங்கி மாலை 4 வரை. அரை மணிக்கு ஒரு முறை மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சிப்பின் எண் மீட்டரைவிடக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் மேலே 3-ஆம் பகுதிக்குத் திரும்புங்கள், வேறு எதையோ அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

ட்ரிப்பை எழுத உங்கள் கெர்னல் அனுமதித்தால், ட்ரிப் எண்ணை அங்கேயே சிஸ்எஃப்எஸ் வழியாக மாற்றிப் பார்க்கலாம். பாலத்தைத் திரும்பக் கடக்க வேண்டாம். பிடித்த எண்ணைக் கோப்பில் ஏற்ற மட்டும் மறக்காதீர்கள், மறுபூட்டில் அது போய்விடும்.

என் பெட்டியின் பதிவில் கடைசியாகப் பார்த்தது இது. 12:20-க்கு முதல் படி, 1:05-க்கு இரண்டாவது, 1:40-க்கு மூன்றாவது. 2:15-க்கு சிப் 80-ஐத் தொட்டதும் சிபியு ஒரு படி வேகம் குறைந்தது. 3:10-க்கு மறுபடி முழு வேகம். 3:30-க்கு மழை வந்தது, நான் தார்ப்பாயைத் தேடி ஓடினேன்.